ஏழு மணிக் கூட்டம்: வாசகர் கேள்வி பதில்

குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதன் கூட்டங்களைப் பற்றிப் போன மாதம் இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லையாம். பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'என் பெயரைப் போட வேண்டாம்' என்று அடிக்கோடு. கவலைப்படாதீர்கள், என் பெயரும் இங்கே இருக்காது. பத்திரிகையிலோ வானொலியிலோ சினிமாவிலோ உறுப்பினர்கள் தங்கள் அடையாளத்தைக் காட்டிக்கொள்வதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. திருச்சிக்காரன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், குடிநோயாளி, இப்போது குடிப்பதில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும். நான் டாக்டர் இல்லை. ஏ.ஏ. சார்பில் பேசும் அதிகாரமும் எனக்கு இல்லை, அங்கே அது யாருக்குமே கிடையாது. கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். தினமும் குடி. ஒருநாள் காலையில் அவரே 'ஏதாவது கூட்டம் இருக்காமே, போலாமா' என்றார். சாயங்காலம் பேச்சு மாறிவிட்டது. பிடித்து அடைத்து வைத்துவிடுவார்கள், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்கிறார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே என்னதான் நடக்கும், அண்ணா? — நாமக்கல் வாசகி

பதில்: அம்மா, அவர் வாயாலேயே ஒரு வார்த்தை வந்ததே, அதை விட்டுவிடாதீர்கள். குடிக்கிறவனுக்குக் காலை ஆறு மணிக்கு இருக்கிற புத்தி சாயங்காலம் ஆறு மணிக்கு இருக்காது. அதனால் தேடுவது, போன் போடுவது எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று உங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடினால் ஏ.ஏ. இந்தியாவின் இணையதளம் வரும். அதில் தொடர்பு எண்கள் இருக்கும். இணையம் பழக்கமில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், பக்கத்தில் எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்று அங்கே யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, அதில் தமிழிலேயே பேசலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஊரில் பெரிய சர்ச் எதுவோ அங்கே போய் வாட்ச்மேனைக் கேளுங்கள். நம் ஊரில் நிறையக் கூட்டங்கள் சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூடத்திலும்தான் நடக்கின்றன. சாமியாருக்குத் தெரியாவிட்டாலும் வாட்ச்மேனுக்குத் தெரியும், கேட்டைத் திறந்துவிடுகிறவர் அவர்தானே.

எண் கிடைத்ததும் நேரே கிளம்பிவிடாமல் ஒரு போன் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் இடம் மாறியிருக்கும். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டின கேட்டைப் பார்த்துத் திரும்பினால் உங்கள் வீட்டுக்காரர் அடுத்த முறை வரவே மாட்டார். போனை எடுக்கிறவரும் குடித்து நிறுத்தினவராகத்தான் இருப்பார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை உங்கள் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்டுக்கொண்டால் உறுப்பினர்கள் இரண்டு பேராக வீட்டுக்கே வந்து பேசுவதும் உண்டு.

அடைத்து வைப்பார்கள் என்ற பயத்துக்கு வருவோம். ஏ.ஏ.வுக்குக் கட்டடம் கிடையாது, படுக்கை கிடையாது, வார்டன் கிடையாது. அவர் கேள்விப்பட்டது தனியார் மறுவாழ்வு மையங்களைப் பற்றி. அதிலும் நல்லது இருக்கிறது, சங்கிலி போட்டுக் கட்டுகிறதும் இருக்கிறது. அப்படி ஒரு மையத்தில் சேர்க்க நேர்ந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். நோயாளியைப் பார்க்க விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் சேர்க்காதீர்கள். ராத்திரியில் வேன் அனுப்பித் தூக்கிப் போகிறேன் என்கிறவனிடம் போகவே போகாதீர்கள்.

நான் போகும் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில் நடக்கிறது. கரும்பலகையில் அன்றைய வருகைப் பதிவு அழிக்காமல் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஏழு மணிக்குத் தலைமை ஏற்கிறவர் முன்னுரையை வாசிப்பார். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் உறுப்பினராகத் தகுதி என்று அதில் வரும். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்வார். எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன், அவ்வளவுதான். இதை ஷேரிங் என்போம். நடுவில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். புதிதாக வந்தவர் 'இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம்.

எங்கள் கூட்டத்தில் டீ ஊற்றுகிறவர் ஒரு முன்னாள் மேஸ்திரி. எல்லோருக்கும் கிளாஸ் நிறைய ஊற்றுவார், புதிதாக வந்தவருக்கு மட்டும் பாதிதான். முதல்நாள் வருகிறவனுக்குக் கை நடுங்கும். நிறைய ஊற்றினால் பேண்டில் கொட்டிக்கொண்டு, கூனிக் குறுகி, அத்தோடு வராமல் போய்விடுவான். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? பார்க்கிறவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். டாஸ்மாக் வாசலில் நிற்கும்போது பார்க்காத ஊரா இது! உள்ளே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

இன்னொன்று. பெரும்பாலான கூட்டங்கள் ஏன் சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு நடக்கின்றன தெரியுமா? வேலை முடிந்து கூலி கையில் வந்து, கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற நேரம் அது. கடை ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணியைக் கூட்டத்தில் கழித்துவிட்டு, பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தால் அன்றைய கண்டம் கழிந்தது. 'திறந்த கூட்டம்' என்று அறிவித்திருந்தால் நீங்களும் கூடப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகட்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். டாக்டரும் மருந்தும் செய்யாததை, குடிகாரர்கள் கூடி உட்கார்ந்து பேசிச் செய்துவிடுவார்களா? நம்ப முடியவில்லை. — தஞ்சாவூர்

பதில்: ஐயா, இதைத் தொடங்கிய இருவரில் ஒருவரே டாக்டர்தான். 1935ல், பில் என்ற நியூயார்க் பங்குத் தரகர் வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். அவர் குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. போன காரியம் தோற்றுவிட்டது. ஹோட்டல் முகப்பில் நிற்கிறார், ஒரு பக்கம் பார், மறுபக்கம் போன். குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரனோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சர்ச்சுகளுக்குப் போன் போட்டுத் தேடியதில் கடைசியில் டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோய் விட்டார்கள். பதினைந்து நிமிஷம்தான் பேசுவேன் என்று வந்த டாக்டர் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

குடியின் கெடுதல் அத்தனையும் டாக்டர் பாபுக்குத் தெரியும், பாடமாகப் படித்தவர். அவருக்குக் கிடைக்காதது, தன்னை மாதிரியே குடித்துவிட்டு இப்போது குடிக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். கதை போதாது, ஆதாரம் வேண்டும் என்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2020ல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கெடுத்தவர்கள். குடியை முழுக்க நிறுத்தி வைப்பதில், ஏ.ஏ.வோடு முறையாக இணைக்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ, பல இடங்களில் மேலாகவோ இருந்ததாக அது சொல்கிறது. மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்வதும் இல்லை, அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போடாமல் என்னால் சட்டைப் பட்டன் போட முடியாது. வருகிற திங்கட்கிழமை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போவதாக இருக்கிறேன். சரிதானே? — கடலூர்

பதில்: தம்பி, சரியில்லை. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கூட்டம். காலையிலேயே குடித்தாக வேண்டிய நிலைக்கு வந்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் திருப்பி அடிக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு ஜன்னி கண்ட மாதிரி ஆகும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாரோ கூப்பிடுவது கேட்கும், ஆள் அடையாளம் தெரியாது. டாக்டர்கள் டி.டி. என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். முன்பு ஒருதரம் வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று குறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 சத்து ஊசியும் கொடுத்துச் சில நாளில் தெளிய வைப்பார்கள். அதுவரைக்கும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வலிப்பு வந்தால் 108. கூட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. வார்டில் இருக்கும்போதே ஏ.ஏ. நண்பர்கள் வந்து பார்க்க முடியுமா என்று நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: மகனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். கலக்கலாமா? — ஒரு தாய், விருதுநகர்

பதில்: கூடவே கூடாது அம்மா. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கிச் சிலருக்கு உயிரும் போகும். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேகம் உடம்பில் இருக்கலாம். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு டாக்டர் கொடுக்கிறார். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் மகன் உங்கள் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவான், நோய் அப்படியே இருக்கும்.

கேள்வி: வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறேன். 48 நாளும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. அப்படியானால் நான் குடிநோயாளி இல்லை என்றுதானே அர்த்தம்? மனைவிதான் கேட்கச் சொன்னாள். — திண்டுக்கல்

பதில்: சாமி, மாலையைக் கழற்றிய அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லையே! அதையும் மனைவியையே எழுதச் சொல்லியிருக்கலாம்.

நிறுத்துவது எங்களில் பலருக்கும் கைவந்த கலை. மாலை போட்டு நிறுத்தியவர்கள், கோயிலில் கயிறு கட்டி நிறுத்தியவர்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி நிறுத்தியவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருக்கிறோம். கயிறு கட்டியவர் ஒருவர், அது அறுந்து விழட்டும் என்று தினமும் குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்த்ததாகச் சொன்னார். விரதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாட்களில் உங்களை எது காப்பாற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். விடிகாலைக் குளியல், கூட்டாகச் சரணம், உங்களைப் பார்க்கிறவரெல்லாம் 'சாமி' என்று கூப்பிடுவது, சாயங்காலம் போய் உட்கார ஒரு பஜனை. மாலை இறங்கியதும் இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது.

எங்களிடம் 48 நாள் கணக்கெல்லாம் இல்லை. இன்று ஒருநாள் குடிக்கமாட்டேன், அவ்வளவுதான். நாளையைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்வோம். நீங்கள் குடிநோயாளியா இல்லையா என்று நான் முத்திரை குத்த முடியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை மாலை போட்டிருக்கும்போதே கூட்டத்துக்கு வாருங்கள். தெளிந்த தலையோடு கேட்கலாம். கழற்றிய அன்று சாயங்காலமும் வாருங்கள்.

கேள்வி: மூன்று தலைமுறையாகப் பெரியார் கொள்கை வீடு எங்களுடையது. ஒருமுறை கூட்டத்துக்குப் போனேன். சர்ச் வளாகம், ஆரம்பத்தில் பிரார்த்தனை, சுவரில் கடவுள் கடவுள் என்று எழுதியிருக்கிறது. குடியை விட மதம் மாற வேண்டுமா? — ஈரோடு

பதில்: வேண்டாம் தோழர். சர்ச் எங்களுக்கு இடம் மட்டும்தான் தருகிறது, பல இடங்களில் அதற்கு வாடகையும் கொடுக்கிறோம். என் பக்கத்தில் உட்காருகிறவர் ஐந்து வேளை தொழுகிறவர், அவருக்கு அடுத்தவர் நெற்றி நிறையத் திருநீறு.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மறைக்கவில்லை. ஆனால் 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களோடு வருகிறார். 1930களின் கடைசியில் அந்தப் படிகளை எழுதியபோது நியூயார்க் குழுவில் நம்பிக்கை இல்லாத சிலரும் இருந்தார்கள், அவர்கள் சண்டை போட்டுத்தான் அந்தச் சொற்கள் உள்ளே வந்தன. உங்களுக்கு முன்பே உங்கள் கட்சிக்காரர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். படிகளில் 'தன்னைவிடப் பெரிய சக்தி' என்று வருகிற இடத்தில் பலர் அந்தக் குழுவையே வைத்துக்கொள்கிறார்கள். நான் தனியாக முயன்று முடியவில்லை, இருபது பேராக உட்கார்ந்தால் முடிகிறது, இதை ஒப்புக்கொள்வதில் பகுத்தறிவுக்கு என்ன குறை? பிரார்த்தனை நேரத்தில் சும்மா நில்லுங்கள், யாரும் உதட்டைப் பார்க்கமாட்டார்கள்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு 1994லிருந்து இருக்கிறது. இணைய வழியிலும் கூட்டம் நடத்துகிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கே போனாலும் சரி, தனியாக மட்டும் உட்கார்ந்து மல்லுக்கட்டாதீர்கள்.

கேள்வி: நான் பெண். சென்னையில் வேலை. இரவில் தனியாகக் குடிக்கிறேன். ஆண்கள் நிறைந்த அறைக்குள் போய் எப்படிப் பேசுவது?

பதில்: தயக்கம் நியாயமானது. எங்கள் ஊரில் எத்தனையோ நாள் ஒரு பெண்கூட வந்ததில்லை, அது குழுக்களின் குறைதான். சென்னை மாதிரிப் பெரிய ஊர்களில் பெண்கள் வருகிறார்கள். போன் போடும்போதே 'பெண் உறுப்பினரோடு பேச வேண்டும்' என்று கேளுங்கள். இணைய வழிக் கூட்டங்களில் பெண்களுக்கு மட்டுமானவை உண்டு. கேமராவை அணைத்து, பெயரை மாற்றி வைத்துக்கொண்டே கேட்கலாம். சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி 1980ல் தொடங்கியது அது.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன். அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து புத்தகத்தைத் தூக்கி எறிகிறார். நான் நல்ல மார்க் வாங்கினால் திருந்திவிடுவாரா, தாத்தா? — மாணவி

பதில்: பாப்பா, மார்க்கை உனக்காக வாங்கு. நீ எண்பது வாங்கியதால் அவர் குடிக்கவில்லை, தொண்ணூற்றெட்டு வாங்கினால் நிறுத்தப்போவதும் இல்லை. அவர் குடிக்கு நீ காரணம் இல்லை. உன்னால் அதை அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, 1951லிருந்து. ஏ.ஏ.வைத் தொடங்கிய பில்லின் மனைவி லோயிஸும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். உன் வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று ஒரு பிரிவும் உண்டு. அது உன் ஊரில் இல்லாவிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அல்-அனானுக்குப் போ. அப்பா வராவிட்டாலும் நீங்கள் போகலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணு, அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181. ஸ்கூலில் உனக்குப் பிடித்த டீச்சர் ஒருவரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லிவை. பரீட்சை முடியும் வரைக்கும் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க அவர் ஒரு இடம் பார்த்துத் தருவார்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு? ஆதார் அட்டை கேட்பார்களா? — கரூர்

பதில்: கட்டணம் இல்லை. ஆதார், முகவரி, கையெழுத்து எதுவும் கேட்கமாட்டார்கள். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், டீச் செலவுக்கும் வாடகைக்கும் உறுப்பினர்கள் போடுவது. புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாள் ஒரு லட்சம் கொடுத்தாலும் வாங்கமாட்டோம்.

கேள்வி: கூட்டத்துக்கு வர ஆசை. ஆனால் ஒரு குவாட்டராவது போடாமல் உள்ளே நுழையத் தைரியம் வராது. போட்டுக்கொண்டு வரலாமா? — மணப்பாறை

பதில்: போடாமல் வந்தால் நல்லது. போட்டுவிட்டால், போட்டோமே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், வாருங்கள். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அன்றைக்குப் பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். சத்தம் போட்டால் மட்டும் யாராவது தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பார்கள். போகும்போது ஒரு போன் நம்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், முதல் கிளாஸுக்கு முன்னால், அந்த நம்பருக்குப் பேசுங்கள். பைக்கில் மட்டும் வராதீர்கள், மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது.